சிறிய குதிரை சாதுவான குதிரையா?

கோடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகமண்டலத்திலும் சிறுவர் சிறுமியர் மட்டக்குதிரைகளின் மேல் அமர்ந்து வலம் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். சிறிது தூரம் போய்த் திரும்பியதும் சவாரி முடிந்துவிடும். அங்கே குதிரையைச் செலுத்துபவர் குதிரைக்காரரே. குழந்தை அதன்மேல் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே குழந்தை முறையாகக் குதிரையேற்றம் கற்க விரும்பினால் நிலைமை வேறு. கடிவாளம் குழந்தையின் கைக்கு வருகிறது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கு, முப்பது கிலோ எடையுள்ள ஒரு சிறுவனின் சொற்படி நடக்க வேண்டும். வலிமையால் இது நடக்கக்கூடியதன்று. குதிரை தானாக இணங்கினால்தான் நடக்கும். அப்படி இணங்கும் குதிரையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"சிறிய குழந்தைக்குச் சிறிய குதிரை" என்று பலர் எளிதாக விடை கூறிவிடுவார்கள். வேறு சிலர், "குழந்தையோடு சேர்ந்து வளரட்டும்" என்று இளங்குதிரையைத் தேடுவார்கள். அழகிய நிறத்தைப் பார்த்து வாங்குபவர்களும் உண்டு. இம்மூன்றும் ஆபத்தான வழிகள். குதிரையின் கண், காது, மூளை ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று அறிந்துகொண்டால், ஏன் ஆபத்து என்பது விளங்கும்; சரியான வழி எது என்பதும் புலப்படும்.

மட்டக்குதிரை என்பது எது?

குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள தோள்மேடு வரையில்தான் அளப்பார்கள். ஆங்கிலேயர் இதற்குக் 'கை' என்ற அளவைப் பயன்படுத்துகின்றனர். ஒரு கை என்பது 4 அங்குலம். 12 கை 2 அங்குலம் என்றால் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. என்று பொருள். பொதுவாக 148 செ.மீ. உயரத்துக்கு மேற்படாதவற்றை மட்டக்குதிரைகள் என்று கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்காக மட்டக்குதிரை வளர்க்கும் பழக்கம் ஓர் ஒழுங்கான கலையாகவே வளர்ந்த நாடு பிரிட்டன். அங்கு 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'போனி கிளப்' என்னும் அமைப்பு, சிறுவர்களுக்குக் குதிரையேற்றத்தையும் குதிரைப் பராமரிப்பையும் கற்பித்து வருகிறது. குளிரும் காற்றும் மிகுந்த அந்நாட்டு மேட்டுநிலங்களில் பல மட்டக்குதிரை இனங்கள் தோன்றியுள்ளன. ஷெட்லாந்து இனம் 107 செ.மீ. உயரத்துக்கு மேல் வளரக்கூடாது என்பது இனப் பதிவேட்டின் விதி. வேல்ஸ் மலைக்குதிரைக்கு 122 செ.மீ., டார்ட்மூர் இனத்துக்கு 127 செ.மீ. என வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இவற்றுள் மிகச் சிறியதான ஷெட்லாந்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1842ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலை வாங்கக்கூடாது என்று தடை செய்தது. அதன் பின்னர் நிலக்கரி வண்டிகளை இழுக்க ஷெட்லாந்து குதிரைகள் ஏராளமாகச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டன. உடல் அளவோடு ஒப்பிட்டால் அவ்வளவு வலிமை அவற்றுக்கு! அத்தகைய குதிரை, புல்லைக் கண்டு தலையைக் குனிந்தால் ஒரு சிறுவனால் கடிவாளத்தை இழுத்து நிமிர்த்த இயலாது. அதன் அகன்ற முதுகில் சிறு குழந்தையின் கால்கள் இருபுறமும் விரிந்து நிற்பதால் உறுதியாக அமர்வதும் கடினம். ஆகவே, உருவத்தின் சிறுமை பாதுகாப்புக்கு உறுதி அன்று.

அஞ்சியே பிழைத்த விலங்கு

புல்வெளியில் மேய்ந்து வாழ்ந்த குதிரைக்குக் கொம்பு இல்லை. கோரைப்பற்களால் தாக்கும் வழக்கமும் இல்லை. எதிரியைக் கண்டதும் ஓடுவதே அதன் முதல் தற்காப்பு. "முதலில் ஓடு, பிறகு திரும்பிப் பார்" என்பதே அதன் வாழ்க்கை விதி.

அதன் புலன்கள் இதற்கேற்ப அமைந்துள்ளன. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நின்ற இடத்திலிருந்தே ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடிகிறது. ஆனால் இரு கண்களும் சேர்ந்து பார்த்துத் தொலைவை நன்கு மதிப்பிடக்கூடிய பரப்பு முன்புறம் சுமார் 65 பாகைதான். வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகிலும் அதற்கு எதுவும் தெரியாது. எனவேதான் குதிரையைப் பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்கக்கூடாது. பேசிக்கொண்டே தோள்பக்கமாக நெருங்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள்.

மனிதர் செவிக்கு எட்டும் ஒலியின் உச்சம் வினாடிக்கு 20,000 அதிர்வுகள். குதிரையோ 33,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதன் தோலும் மிகக் கூர்மையானது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சுருக்கி விரட்டுவதை நீங்களே பார்த்திருக்கலாம்.

வேலியில் படபடக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, புதரிலிருந்து பறக்கும் ஒரு பறவை, பின்னால் ஒலிக்கும் வண்டியின் குரல் ஆகிய எதுவும் குதிரைக்கு எதிரியாகத் தோன்றலாம். அது சட்டென்று பக்கவாட்டில் துள்ளினால், பழகிய வீரர் சமாளித்துக்கொள்வார். புதிதாகக் கற்கும் குழந்தை விழுந்துவிடும். அஞ்சாத குதிரை என்று ஒன்று கிடையாது. பலவற்றையும் பல முறை கண்டு, "இது ஒன்றும் செய்யாது" என்று கற்றுக்கொண்ட குதிரை உண்டு. நாம் தேட வேண்டியது அதைத்தான்.

கணக்குப் போட்ட ஹான்ஸ்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் 'ஹான்ஸ்' என்ற குதிரை பெரும்புகழ் பெற்றது. கூட்டல், கழித்தல் கணக்குகளைக் கேட்டால், குளம்பால் தரையைத் தட்டி விடை கூறும்! அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்னும் ஆசிரியர். அவர் ஏமாற்றுக்காரரும் அல்லர். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து, 1907ஆம் ஆண்டு உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்சும் தவறான விடை கூறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரறியாமல் ஏற்பட்ட மிக நுண்ணிய அசைவைக் கண்டுதான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மனித உடலைப் படிக்கத் தெரியும். 2009ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றொரு சோதனையையும் பாருங்கள். குதிரையை நடத்திச் செல்வோரிடமும் அதன்மேல் சவாரி செய்வோரிடமும், "இம்முறை வழியில் ஒருவர் திடீரென்று குடை விரிப்பார்" என்று கூறினார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதர்களின் இதயத் துடிப்பு கூடியபோது, ஒன்றும் அறியாத குதிரைகளின் இதயத் துடிப்பும் கூடியது.

இனிப் புதிதாகச் சவாரி கற்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். விழாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும். அதே நேரத்தில் கால்களால் குதிரையின் விலாவை இறுக்கும். கடிவாளத்தை இழுத்தால் 'நில்' என்று பொருள். விலாவில் காலை அழுத்தினால் 'போ' என்று பொருள். இரண்டையும் ஒன்றாகக் கூறினால் குதிரை எதைச் செய்யும்? போதாக்குறைக்குக் குழந்தையின் அச்சமும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. பழக்கமில்லாத குதிரை குழம்பும், பின்னர் கலவரமடையும், இறுதியில் ஓடும் அல்லது முதுகை வளைத்து உதறும்.

பழகிய குதிரையோ தெளிவற்ற கட்டளைகளைப் பொருட்படுத்தாது. குழந்தை நிலைதடுமாறினால் நடையைக் குறைக்கும். ஒன்றும் புரியாவிட்டால் நின்றுவிடும். 'நின்றுவிடுதல்' என்னும் இந்த ஒரு பழக்கமே குழந்தைக்குரிய குதிரையின் தலையாய இலக்கணம் எனலாம்.

வயதும் பல்லும்

இத்தகைய அனுபவம் ஓராண்டில் வருவதன்று. ஆகவேதான் இளங்குதிரையும் இளங்குழந்தையும் நல்ல இணை ஆகா. கற்பிக்கத் தெரியாத இருவர் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்க முடியுமா? பத்து வயதைக் கடந்த குதிரையே குழந்தைக்கு ஏற்றது. மட்டக்குதிரைகள் 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியவை. ஆதலால் 15 அல்லது 18 வயதுக் குதிரையைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. உடல்நலம் இருந்தால், அமைதியாக நடைபோட்டுக் கற்பிக்கும் ஆசிரியராக அது இன்னும் பல ஆண்டுகள் உதவும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். விலைக்கு வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குதிரைக்கு ஐந்து வயதளவில் எல்லா நிலைப்பற்களும் முளைத்துவிடும். பத்து வயதளவில் மேல்தாடையின் கடைசி வெட்டுப்பல்லில், ஈறருகே ஒரு சிறு பள்ளக்கோடு தோன்றும். அது 15 வயதில் பல்லின் பாதி வரையிலும், 20 வயதில் பல்லின் முனை வரையிலும் நீளும். இது தோராயமான கணக்கே. வயது ஏற ஏறப் பிழையும் கூடும். ஆயினும் 'எட்டு வயது' என்று விற்பவர் கூறும் குதிரைக்கு உண்மையில் இருபது வயதா என்பதை ஒரு கால்நடை மருத்துவர் இதைக்கொண்டு கூறிவிடுவார்.

பால் வகையிலும் கவனம் தேவை. காயடிக்கப்படாத ஆண்குதிரை குழந்தைக்கு ஏற்றதன்று. பெண்குதிரை ஏற்றதே, எனினும் சில பெண்குதிரைகள் சூட்டுக் காலத்தில் எரிச்சல் காட்டும். ஆண்டு முழுவதும் ஒரே சீரான குணம் வேண்டுமென்போர் காயடித்த ஆண்குதிரையை விரும்புகின்றனர்.

எடைக் கணக்கு

குழந்தைக்குக் குதிரை பொருந்துவது போலவே, குதிரைக்கும் குழந்தை பொருந்த வேண்டும். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுக் குதிரைகளின் மேல், அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு பளுவை ஏற்றிச் சோதித்தனர். 25 விழுக்காட்டிலும் 30 விழுக்காட்டிலும் இதயத் துடிப்பு கூடியது. தசைகளிலும் வலிக்கான அறிகுறிகள் தெரிந்தன. எனவே, சேணத்தையும் சேர்த்து 20 விழுக்காட்டுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தராசு இல்லாமலே குதிரையின் எடையைக் கணிக்க ஒரு வழி உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனை முதல் பிட்டத்தின் முனை வரை உடலின் நீளத்தையும் செ.மீ. கணக்கில் அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை 11,877ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 145, நீளம் 125 எனில், எடை சுமார் 221 கிலோ. அதில் 20 விழுக்காடு 44 கிலோ. 35 கிலோ சிறுமியும் 5 கிலோ சேணமும் இதற்குள் அடங்குவதைக் காண்க.

குழந்தையின் வளர்ச்சியை நினைத்துப் பெரிய குதிரையாக வாங்குவதும் தவறு. குழந்தை சேணத்தில் அமர்ந்தால் அதன் கால்கள் குதிரையின் விலாவை நன்கு தழுவ வேண்டும். சேணத்தின் ஓரத்திலேயே கால் முடிந்துவிட்டால், காலால் கூறும் கட்டளை குதிரைக்கு எட்டாது. பாதம் வயிற்றுக்குக் கீழே வெகுதூரம் தொங்கினாலும் பொருத்தமில்லை.

நேரில் பார்க்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். குதிரைக்கு இப்பழமொழி பொருந்தாது. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேறொரு நாளில், வேறொரு வேளையில் மீண்டும் போய்ப் பாருங்கள். ஒரு பயிற்சியாளரை உடனழைத்துச் செல்வது இன்றியமையாதது.

நீங்கள் போகும்போது குதிரை சேணம் பூட்டித் தயாராக நின்றால், "ஏன்?" என்று கேளுங்கள். பிடிப்பதற்கே ஓடும் குதிரையாக இருக்கலாம். அல்லது துள்ளல் அடங்குவதற்காக முன்பே ஓட்டிக் களைப்படையச் செய்திருக்கலாம். மேயும் இடத்திலிருந்து அதைப் பிடித்து வருவது முதல் எல்லாவற்றையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். உடலைத் தேய்த்துவிடும்போதும், நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கும்போதும், வயிற்றுவாரை இறுக்கும்போதும் அது காதுகளைப் பின்னால் மடக்குகிறதா, கடிக்க வருகிறதா, வாலை வீசுகிறதா என்று கவனியுங்கள். சவாரி செய்யும் நேரத்தைவிடக் குதிரையின் பக்கத்தில் நிற்கும் நேரமே குழந்தைக்கு மிகுதி என்பதை மறக்கக்கூடாது.

பின்னர் முதலில் விற்பவரின் ஆள் சவாரி செய்யட்டும். விற்பவர் தரப்பில் எவரும் ஏறத் துணியாத குதிரையின் மேல் உங்கள் குழந்தையை ஏற்றவே வேண்டாம். அடுத்துத் தேர்ந்த சிறிய உருவமுள்ளவர் ஒருவர் ஏறி, ஓடும்போது நிறுத்திப் பார்க்க வேண்டும். மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே போகிறதா, வண்டிகள் கடக்கும்போது அமைதியாக நிற்கிறதா, லாயத்தின் பக்கம் திரும்பியதும் வேகம் பிடிக்கிறதா என்பனவும் சோதிக்கப்பட வேண்டும். இவற்றில் தேறிய பின்னரே குழந்தை ஏறலாம். அதுவும் முதலில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்தும்போதுதான்.

"ஏன் விற்கிறீர்கள்?" என்ற கேள்விக்குச் சிறந்த விடை, "எங்கள் குழந்தை வளர்ந்துவிட்டது" என்பதே. பிரிட்டனில் நல்ல மட்டக்குதிரைகள், பயிற்சியாளர்களின் வாய்மொழி வழியே ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்குக் கைமாறுவதுண்டு. உடனே விலைக்கு வாங்காமல், சில மாதங்கள் வைத்துப் பராமரித்துப் பார்க்கும் முறையும் அங்கு வழக்கத்தில் உள்ளது. இதில் ஒரு நன்மை உண்டு. போதிய உணவின்றி மெலிந்து சோர்ந்த குதிரையும் சாதுவாகவே தோன்றும். நல்ல தீனி கிடைத்துச் சில வாரங்கள் கழிந்தால்தான் அதன் உண்மையான குணம் வெளிப்படும்.

குணமா, நோயா?

முரட்டுத்தனம் என்று நாம் நினைப்பது பல வேளைகளில் வலியாக இருக்கிறது. பொருந்தாத சேணம் முதுகைப் புண்ணாக்கும். கூராகத் தேய்ந்த கடைவாய்ப்பல் கன்னத்தைக் கிழிக்கும். குதிரை சொல்ல வழியில்லாமல் உதறுகிறது. 2014ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் குதிரையின் முகத்திலேயே வலியைப் படிக்க ஓர் அளவுகோலை வகுத்தனர். பின்னோக்கி இறுகிய காதுகள், சுருங்கிய கண்ணிமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத்துளை ஆகிய ஆறும் அதன் அடையாளங்கள்.

கெட்டியான தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டு எதிரே நின்று பார்த்தால் நொண்டுவதைக் கண்டுபிடிக்கலாம். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும். மட்டக்குதிரைகளுக்கு மற்றொரு தனிநோய் உண்டு. வறண்ட மேட்டுநிலத்தில் வாழப் பழகிய அவற்றின் உடலுக்குச் செழித்த புல் ஒத்துக்கொள்வதில்லை. உடல் கொழுத்து, குளம்பின் சுவரையும் உள்ளெலும்பையும் இணைக்கும் மெல்லிய திசுக்கள் அழற்சியடைகின்றன. அப்போது முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். கொழுகொழுவென்ற மட்டக்குதிரையை 'நல்ல புஷ்டி' என்று எண்ணி மகிழக்கூடாது.

பிரிட்டனில் குதிரை வாங்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு ஐந்து கட்டமாகச் சோதிப்பார்கள். முதலில் பொதுவான உடல் சோதனை. அடுத்து நடத்தியும் ஓட்டியும் பார்த்தல். மூன்றாவது சவாரியின்போது இதயமும் மூச்சும். நான்காவது ஓய்வுக்குப் பின் மறுசோதனை. ஐந்தாவது மீண்டும் ஓட்டிப் பார்த்தல். அப்போது எடுக்கும் இரத்த மாதிரியை ஆறு மாதம் பாதுகாத்து வைப்பது வழக்கம். மருந்து கொடுத்துக் குதிரையை அமைதிப்படுத்தியோ வலியை மறைத்தோ விற்றிருந்தால், பின்னர் அதைச் சோதித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நமக்கு இதில் என்ன பயன்?

நம் நாட்டில் குழந்தைக்கென்று குதிரை வாங்குவோர் சிலரே. ஆனால் சென்னை, கோவை போன்ற நகரங்களில் குதிரையேற்றப் பள்ளிகள் உள்ளன. குழந்தையை அங்கு அனுப்பும் பெற்றோர், "என் குழந்தைக்கு எந்தக் குதிரையைத் தருவீர்கள்? அதன் வயது என்ன? எத்தனை ஆண்டுகளாகக் குழந்தைகளைச் சுமக்கிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கிறது?" என்று கேட்க முழு உரிமை உண்டு. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் குதிரை பார்ப்பவர்களுக்கும் இச்சோதனைகள் பொருந்தும்.

நல்ல குதிரை கிடைத்த பின்னும் சில விதிகளை விடக்கூடாது. தலைக்கவசம் இல்லாமல் குழந்தை ஏறக்கூடாது. பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியக்கூடாது. குதிகால் சற்று உயர்ந்த மூடிய காலணி வேண்டும். அங்கவடியின் அகலம் காலணியைவிடச் சுமார் 2.5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் கால் சிக்கும். மிக அகலமானால் பாதம் உள்ளே நுழைந்துவிடும். இரண்டிலும், விழும் குழந்தை இழுத்துச் செல்லப்படும் ஆபத்து உண்டு.

முதிர்ந்த வயது, வலியற்ற உடல், பல இடங்களையும் பல குழந்தைகளையும் கண்டு பழகிய மனம் ஆகிய மூன்றும் அமைந்த குதிரை நிறத்தில் மங்கலாக இருக்கலாம். நடையில் வேகம் குறைந்திருக்கலாம். எனினும் குழந்தை தடுமாறும் அந்த ஒரு நொடியில் ஓடாமல் நின்றுவிடும் குதிரை அதுவே. உயரத்தை அளப்பதற்கு முன் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.